அரை மணி நேரக் காற்று

அண்ணன் இறந்த பிறகு அவள் கணக்குத் தாளில் இரண்டாம் முறை தோற்றாள். முதல் முறை தோற்றபோது அவன் இருந்தான். கணக்கு எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த தடவை பிடித்துக்கொள்ளலாம் என்று கேலி செய்தான். இரண்டாம் முறை கேலி செய்யக்கூட வீட்டில் ஆள் இல்லை. அண்ணி மட்டும் இருந்தாள். அவள் கேலி செய்கிற நிலையில் இல்லை.

தங்கையான அவள் பம்ப் தயாரிக்கும் பட்டறையில் வரைபடம் வரைபவள். மாலைக் கல்லூரியில் டிப்ளமோ முடித்தால்தான் வரைபடத்தின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட முடியும். மற்ற தாள்களை எல்லாம் தட்டுத் தடுமாறி முடித்துவிட்டாள். இது ஒன்றுதான் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது. அதிலும் வகைக்கெழுச் சமன்பாடு என்று கரும்பலகையில் எழுதியதுமே அவளுக்குக் கண்ணைக் கட்டும்.

அண்ணனுக்குப் பெயிண்ட் தொழிற்சாலையில் தொட்டி கழுவும் வேலை. பெயிண்டைக் கரைக்கும் தின்னர் நிரம்பியிருந்த தொட்டியைக் காலி செய்து, மேல்மூடியைத் திறந்து, காற்றாடிக் குழாயை உள்ளே விட்டு அரை மணி நேரம் ஓட விட வேண்டும். அதற்குள் உள்ளே தேங்கிய ஆவி வெளியேறிவிடும். பிறகுதான் ஆள் ஏணியில் இறங்கலாம். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். ஒரு மதியம் இறங்கியவன் ஏறவில்லை. ஆவியில் மயங்கி விழுந்தவனைத் தூக்கி வெளியே போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியங்கள் ஓய்ந்ததும் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, தொட்டியின் கொள்ளளவு இவ்வளவு, காற்றாடி நிமிடத்துக்கு இவ்வளவு காற்றைத் தள்ளும், அரை மணி நேரம் ஓடியதாகக் கயிறு பிடித்தவர் அரசு விசாரணையிலும் சொல்லியிருக்கிறார், விதிப்படி எல்லாம் சரி என்று ஒப்பித்தார். அவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"அரை மணி போதும்னு யாருங்க கணக்குப் போட்டது?" என்று அண்ணி கேட்டாள்.

அவர் அது பழைய விதி, தான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இருந்தது என்றார். எழுந்து போய்விட்டார். கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அண்ணி மருத்துவமனைச் சலவைப் பிரிவுக்கு வேலைக்குப் போவாள், வருவாள், மடிக்கிற துணியைப் பாதியில் விட்டுவிட்டு, "அரை மணி எப்படிப் போதும்?" என்பாள். பதில் எதிர்பார்த்துக் கேட்டதாகவும் தெரியாது.

மூன்றாம் முறையாக அவள் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது புது ஆசிரியை வந்திருந்தார். அவளைவிட வயதில் சின்னவர். பகலில் வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு, பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்து, மூச்சு வாங்கியபடியே பாடத்தைத் தொடங்குவார். ஒரு நாள் பலகையில் ஓர் அறையை வரைந்தார். அறை முழுக்கப் புகை. ஒரு காற்றாடி நல்ல காற்றை உள்ளே தள்ளுகிறது, அதே அளவு புகைக்காற்று வெளியே போகிறது. குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு மிஞ்சும் புகை எவ்வளவு?

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அறை இருந்த இடத்தில் அவளுக்குத் தொட்டிதான் தெரிந்தது.

அன்று இரவு உணவின்போது, அரை மணி நேரக் கேள்விக்குக் கணக்கு இருக்கிறது, கற்றுக்கொண்டு போட்டுப் பார்க்கிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டாள். சொன்னதும் அண்ணியின் கை தட்டில் அப்படியே நின்றது. அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சமன்பாட்டை எழுதுவது கடினமாக இல்லை. ஒரு நொடியில் வெளியேறும் ஆவி, அந்த நொடியில் உள்ளே எவ்வளவு ஆவி இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி இருக்கும். நிறைய இருந்தால் நிறையப் போகும், குறைந்தால் குறைவாகப் போகும். அவ்வளவுதான். தீர்ப்பதில்தான் சறுக்கினாள். ஆவியின் அளவை ஓர் எண்ணைப்போல ஓரமாக நிறுத்திவிட்டு நேரத்தை மட்டும் தொகையிட்டாள். ஐந்தே நிமிடத்தில் தொட்டி சுத்தமாகிவிட்டது. ஆறாவது நிமிடத்தில் விடை எதிர்க்குறியில் வந்தது.

பக்கத்துப் பெஞ்சில் லிஃப்ட் பழுது பார்க்கும் மனிதர் ஒருவர் உட்காருவார். அவரும் அவளைப்போலப் பழைய பாக்கி. எட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷத்துல காலி. அப்புறம் என்னம்மா, இல்லாத ஆவியை வெளிய தள்ளுதா உங்க ஃபேன்?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் போனாள். அது எந்தத் தொட்டி என்று சொல்லவில்லை.

ஆசிரியை ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார். "இங்கதான் தப்பு. மாறிக்கிட்டே இருக்கிறதை மாறாததுன்னு நினைச்சுட்டீங்க. ஆவி குறைஞ்சுக்கிட்டே போகுது இல்ல? அப்போ ஆவி சம்பந்தப்பட்டது எல்லாம் ஒரு பக்கம் போகட்டும். நேரம் சம்பந்தப்பட்டது எல்லாம் இன்னொரு பக்கம். ரெண்டையும் பிரிச்சுட்டுத்தான் தொகையிடணும். பிரிக்காம கை வைக்கக் கூடாது."

வீட்டில் உட்கார்ந்து பிரித்தாள். ஆவியின் அளவை வகுத்து இடப்பக்கம் கொண்டுவந்தாள். வலப்பக்கம் நேரம் மட்டும் தனியாக நின்றது. இரண்டு பக்கமும் தொகையிட, இடப்பக்கம் மடக்கை வந்தது. மாறிலியை எழுத மறந்து, அடித்து, மறுபடி எழுதினாள். தொடங்கும்போது எவ்வளவு ஆவி இருந்தது என்று தெரிந்தால்தான் மாறிலி கிடைக்கும். அதை யாரும் அளக்கவில்லை. ஆகவே, மூடிக் கிடந்த தொட்டியில் ஆவி அதிகபட்சம் எவ்வளவு சேர முடியுமோ அவ்வளவும் சேர்ந்திருந்ததாகவே வைத்துக்கொண்டாள். அண்ணன் பக்கம் எவ்வளவு சாய முடியுமோ அவ்வளவு சாய்ந்தாள்.

இருந்தும் விடை சாயவில்லை. அரை மணி நேரத்தில் நானூறில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அதில் கொஞ்சம் தலை கனக்கலாம். ஆள் சாக மாட்டான்.

முதலில் எங்கோ தப்பு என்று நினைத்தாள். திரும்பத் திரும்பப் போட்டாள். பட்டறையில் காற்றாடிகளைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் அதிகாரி சொன்ன காற்றாடித் திறன் சரிதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். எல்லாம் சரியாக இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கணக்கு அவளுக்குப் பிழையில்லாமல் வந்திருந்தது. அப்படியானால் காற்றாடி அரை மணி நேரம் ஓடவில்லை.

அன்று அண்ணனுக்குக் கயிறு பிடித்தவர் அந்த வேலையை விட்டு, கார் கழுவும் கொட்டகை ஒன்றில் இருந்தார். அவளைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். அவள் சண்டைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, விடையை மட்டும் சொன்னாள்.

"பத்து நிமிஷம்தான் ஓடுச்சும்மா," என்றார் அவர். "போதும், இறங்கறேன்னு உங்க அண்ணன்தான் சொன்னாரு. வீட்டுல சீக்கிரம் வரச் சொல்லியிருக்காங்க, வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போகணும்னாரு. நான் தடுத்திருக்கணும். அதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை அப்படி இறங்கியிருக்கோம். ஒண்ணும் ஆகலையே."

விசாரணையில் ஏன் அரை மணி என்று சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. பழி தன் மேல் விழுமோ என்ற பயம் அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆவியை அளக்க ஒரு கருவி உண்டே, அது எங்கே என்று மட்டும் கேட்டாள். அது பழுதாகி அலுவலக அலமாரியில் கிடந்தது, யாரும் அதைத் தேடியதில்லை என்றார்.

பேருந்தில் திரும்பி வரும்போது மனத்துக்குள் பத்து நிமிடத்துக்குப் போட்டுப் பார்த்தாள். ஏழில் ஒரு பங்கு. ஏணியின் கடைசிப் படிக்குப் போகும்போதே தலை சுற்றியிருக்கும். பக்கத்தில் யாரோ நகரச் சொன்னார்கள். நகர்ந்து உட்கார்ந்தாள்.

அண்ணியிடம் கணக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவது என முடிவு செய்தாள். அண்ணிக்குச் சரிபார்க்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, போட்டதைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு சொன்னாள்.

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டே, "கணக்கு வரலைன்னா நீ சோத்துல கை வைக்க மாட்ட. இன்னிக்குத் தட்டு காலியா இருக்கு. வந்துடுச்சு, இல்ல?" என்றாள்.

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"அரை மணி போதும்னுதானே வந்திருக்கு?"

"ஆமா அண்ணி."

அண்ணி தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "போதாதுன்னு வரணும்னு தினமும் வேண்டிக்கிட்டு இருந்தேன். காலையில கிளம்பும்போது நான்தான் சொன்னேன். சீக்கிரம் வாங்க, நல்ல வீடு, கை விட்டுப் போயிடும்னு. அவரு அவசரப்பட்டிருப்பாருன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அரை மணியே போதாதுன்னு ஆயிட்டா, அவசரப்பட்டாலும் படாட்டியும் ஒண்ணுதானே?"

அவள் அவசரமாகப் பேசினாள். அளந்து பார்க்காமல் யாரையும் தொட்டிக்குள் இறக்கவே கூடாது, கருவியைப் பழுதாகப் போட்டு வைத்தது கம்பெனி, கடிகாரத்தை நம்பி ஆளை இறக்கப் பழக்கியது கம்பெனி, தப்பு அங்கேதான் என்றாள். அத்தனையும் உண்மை. அண்ணி பொறுமையாகக் கேட்டாள்.

"அது சரி," என்றாள். "ஆனா சீக்கிரம் வாங்கன்னு சொன்னது கம்பெனி இல்லையே."

பிறகு கணக்கைக் காட்டச் சொன்னாள். அவள் தயங்கித் தயங்கி ஒவ்வொரு வரியாகக் காட்டினாள். கயிறு பிடித்தவர் சொன்ன பத்து நிமிடத்தையும் சொல்லிவிட்டாள். அண்ணி எழுத்துகளின் மேல் விரலை வைத்துத் தொடர்ந்து வந்தாள். மடக்கை என்றால் என்ன என்று கேட்கவில்லை.

"பத்து நிமிஷத்துக்கு மேல இன்னொரு பத்து நிமிஷம் நின்னிருந்தா?"

அவள் போட்டுப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று மறுபடி தோன்றியது. "தலைவலியோட ஏறி வந்திருப்பாரு," என்றாள்.

அண்ணி தலையை ஆட்டினாள். எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். அழும் சத்தம் கேட்குமென்று அவள் காத்திருந்தாள். கேட்கவில்லை.

பழுதான கருவியைப் பற்றி அவள் விசாரணை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி. அந்த வருடம் தேர்வில் ஒட்டிக்கொண்டு தேறினாள். பட்டறையில் கைகுலுக்கினார்கள். சரிபார்த்தவர் கட்டத்தில் முதல் கையெழுத்தைப் போட்டபோது மகிழ்ச்சி வரும் என்று நினைத்தாள். பேனா மை சரியாக இறங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில மாதங்களில் அண்ணி தன் அக்கா இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. அங்கேயும் ஒரு மருத்துவமனையில் சலவை வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். அக்காவின் முட்டிவலி, காய்கறி விலை, மழை வருமா வராதா என்று ஒரு சுற்று வரும். அரை மணி என்ற பேச்சை மட்டும் இருவரும் எடுக்க மாட்டார்கள். யாராவது ஒருத்தி, "சரி, வெச்சிடறேன்," என்பாள்.