ஐந்து மீட்டர்

பெரியவளுக்கு எதுவுமே நோகாமல்தான் நடக்கும் என்பது சின்னவளின் ஐம்பது வருடக் குறை. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். பிரசவம்கூடப் பெரியவளுக்கு ஒரு மணி நேரம், சின்னவளுக்கு இரண்டு நாள். இப்போது இருவருக்குமே இதயத்தில் பெருந்தமனி வால்வு சுருங்கிவிட்டது. பெரியவளுக்குத் தொடையில் துளை போட்டு, குழாய் வழியாகவே புது வால்வை வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு வயிறு எரிந்தது.

"எனக்கும் அந்தத் துளைதான் வேணும்," என்றாள் டாக்டரிடம்.

"உடம்பு தளர்ந்திருந்தா அதான் சரி. தெம்பு இருந்தா நெஞ்சைத் திறந்து செய்யறது உங்களுக்கு நல்லது. வீட்ல நடக்கிற மாதிரி நடந்து காட்டுங்க."

தரையில் ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு மஞ்சள் கோடுகள். வீட்டில் அவள் சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். ஆனால் துணைக்கு வந்த பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளே! அவள் முன்னால் தள்ளாடுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"நாலு செகண்ட்!" என்றாள் நர்ஸ்.

"அப்ப நெஞ்சைத் திறந்தே செஞ்சிடலாம்," என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

சின்னவளின் வீம்பு அவள் நெஞ்சுக்கே உலை வைத்துவிட்டது.

"டாக்டர், வீம்புக்கு நடந்தேன். போன மாசம் ரெண்டு தடவை விழுந்தேன். குளிக்கக்கூட ஸ்டூல் வேணும்," என்றாள், பெரியவள் பக்கம் திரும்பாமலே.

"சரி, மறுபடி நடங்க."

கோட்டில் நின்றாள். கால் எழவில்லை. பெரியவள் எழுந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவா நட. நான் பார்க்கல. என்னை நடக்கச் சொன்ன அன்னைக்கு உன்னை டீ வாங்க அனுப்பினேனே, எதுக்குன்னு நினைச்ச?"

சின்னவள் சுவரைத் தடவித் தடவி நடந்து முடித்தாள். பதினோரு செகண்ட். இனி துளைதான் என்றார் டாக்டர். அவள் காதில் அது விழவேயில்லை.

"உங்களுக்கு எத்தனை செகண்ட், அக்கா?"

பெரியவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பதிமூணு."

சின்னவள் மூச்சு வாங்கியபடியே சிரித்தாள். ஐம்பது வருடத்தில் முதல் முறையாக அவளை முந்தியிருந்தாள்.