பால்சாமியால் திறக்க முடியாத டிஸ்க்

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார் பால்சாமி. பத்தொன்பது வருட அனுபவம். எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டினால், பத்தே நிமிடத்தில் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். பாஸ்வேர்டு போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

அன்று காலை ஜீப் ஓட்டும் சின்ராசு ஒரு லேப்டாப்போடு வந்தான்.

"அண்ணே, போடிமெட்டுல இருந்து ஆளுகள ஏத்திட்டு வந்தேன். சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. யாருதுன்னு பாத்து வைங்க, குடுத்துருவோம்."

மலை வளைவில் எங்கோ சீட்டிலிருந்து சரிந்து விழுந்து திரை நொறுங்கியிருந்தது. பால்சாமி டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டினார். திறக்கச் சாவிச்சொல் கேட்டது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று தன் கைவசமிருந்த மென்பொருள்களை ஒவ்வொன்றாக ஓட்டினார். திரை நிறைய அர்த்தமில்லாத எழுத்துகள் ஓடின. அரை மணி நேரம் தேடியும் ஒரு பெயரோ, ஒரு போட்டோவோ தட்டுப்படவில்லை. எது எழுதிய இடம், எது காலி இடம் என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. போடிமெட்டில் மூடுபனி இறங்கினால் பள்ளம் எது, பாதை எது என்று தெரியாதே, அப்படி இருந்தது. பால்சாமி நாற்காலியில் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் மூச்சிரைக்க ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் முத்துப்பிரியா. ஏலக்காய்த் தோட்டங்களில் புருஷனிடம் அடி வாங்கும் பெண்களின் புகார்களைப் பதிந்து, வக்கீலிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவள்.

"என் லேப்டாப்பு இங்க இருக்குன்னு ஜீப்பு ஸ்டாண்டுல சொன்னாக. அண்ணே, உள்ள யாராச்சும் பாத்துட்டாகளா? அறுபது பொம்பளைக பேரும் வெலாசமும் இருக்குண்ணே. வீட்டுக்காரனுகளுக்குத் தெரிஞ்சா..."

"நானே தோத்துட்டேம்மா. யாரு போட்டுக் குடுத்த பூட்டு இது? மதுரைக்காரனா?"

"நாந்தேன் போட்டேன்."

அவர் நம்பவில்லை.

"போன மாசம் அப்டேட்டுன்னு வந்துச்சு. இந்த லேப்டாப்பு தொலைஞ்சா உள்ள இருக்கறத மத்தவங்க படிக்கலாம், பூட்டவான்னு தமிழ்லயே கேட்டுச்சு. சரின்னு அமுக்குனேன். உங்களுக்கு மட்டுந் தெரிஞ்ச ஒரு வாக்கியத்த எழுதுங்கன்னுச்சு, எழுதுனேன். மறந்து போனா தொறக்கன்னு ஒரு நம்பரு குடுத்துச்சு. அதப் பேப்பர்ல எழுதி வீட்டுல வச்சிருக்கேன். அம்புட்டுத்தேன். சோறு திங்கிற நேரத்துல முடிஞ்சு போச்சு."

பால்சாமி கீபோர்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பியபோது திரையில் கோப்புகள் வரிசையாக நின்றன. அவருடைய பத்தொன்பது வருடத்துக்கு அசையாதது, அவளுடைய ஒரு வாக்கியத்துக்குத் திறந்திருந்தது.

அவள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, "எல்லாரும் பத்திரமா இருக்காக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தனை வருடங்களில் தான் கழற்றி மாட்டிய டிஸ்க்குகள் பால்சாமிக்கு ஞாபகம் வந்தன. கல்யாணப் போட்டோக்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்கள். எல்லாம் அவருக்கு முன்னால் திறந்து கிடந்தவை.

"ஏம்மா, அந்தக் கேள்வி என் மெஷின்லயும் வருமா?"

"எங்க, காட்டுங்கண்ணே."

வந்தது. பால்சாமி ஒரு வாக்கியம் யோசிக்கத்தான் நேரம் எடுத்துக்கொண்டார். எழுதி முடித்து, அது கொடுத்த நம்பரை ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டதும் பூட்டு ஏறத் தொடங்கியது. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம். வாசலில் யாரோ சார்ஜர் கேட்டு நின்றார்கள். அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"நம்பர் எழுதுன பேப்பர மட்டும் கடையில வச்சுராதீங்கண்ணே" என்றாள் முத்துப்பிரியா.