ஜெயித்தவனுக்கு மட்டும் சோதனை

கேரம் ஆடுகிறவர்களுக்கும் மருந்துச் சோதனை வேண்டும் என்று திருச்சி ஜில்லாவில் முதன்முதலாகக் குரல் கொடுத்தவன் நான்தான். யாராவது இதை வரலாற்றில் எழுதுவதாக இருந்தால் என் பெயரை விட்டுவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அது எண்பத்தேழாம் வருஷம். எடமலைப்பட்டி புதூரில் குடியிருந்தேன். ஒரு குழாய்த் தொழிற்சாலையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் தற்காலிக வேலை. வேலை என்றால், காலையில் கையெழுத்துப் போடுவது, மத்தியானத்துக்கு மேல் ரிக்ரியேஷன் ரூமில் கேரம் ஆடுவது, கம்பெனி பெயர் போட்ட பனியனோடு போட்டிகளுக்குப் போவது. ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். பவுடர் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவதால் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். "இதுக்குமா மாப்ள சம்பளம் குடுக்குறாங்க?" என்று என் மாமியார் வியாகுலம்மாள் ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஆச்சரியப்படுவார்.

அதே தொழிற்சாலையில் இன்னொரு தற்காலிகக் கேரம்காரன் கியாசுதீன். பாலக்கரைப் பையன், என்னைவிடப் பத்து வயது இளையவன். அந்த வருஷம் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நிரந்தர இடம் ஒன்றுதான் இருக்கிறது, ஜில்லா சாம்பியன் யாரோ அவருக்குக் கொடுப்போம், மற்றவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு முப்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகள். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதைத் தவிர உலகத்தில் வேறு எதற்கும் நான் லாயக்கில்லை என்பது என் மனைவி பாக்கியமேரி உட்பட எல்லோருக்கும் தெரியும்.

என் சங்கடம் கைநடுக்கம். பிராக்டிஸில் புலி. பார்ப்பதற்கு நாலு பேர் கூடிவிட்டால் போதும், விரல் தானாக ஆடத் தொடங்கிவிடும். இதற்கு வீட்டிலேயே ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். மாமியாருக்கு நெஞ்சுப் படபடப்பு உண்டு. தில்லை நகர் டாக்டர் ஒருவர் அதற்கு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். "அம்மாவுக்கு இருக்கறதும் படபடப்பு, உங்களுக்கு வர்றதும் படபடப்புதானேங்க" என்றாள் பாக்கியமேரி. நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் மருந்துச் சீட்டு யார் பெயரில் இருந்தாலும் மாத்திரை எல்லோருக்கும் பொது. அன்றிலிருந்து போட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் மாமியார் ஒரு மாத்திரையை உடைத்துப் பாதியைக் காகிதத்தில் மடித்துத் தருவார். ஆட்டத்துக்குச் சற்று முன்னால் விழுங்கிவிடுவேன். கை கல்லாக நிற்கும். ஆறு கோப்பைகள் அப்படி ஜெயித்தவை.

இத்தனையும் செய்துகொண்டு, கியாசுதீன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவன் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. இறைவன் கொடுத்த கை என்று நினைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அரையிறுதி அன்று, ஆட உட்காருவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக் கடித்ததைப் பார்த்துவிட்டேன். போதை வஸ்து என்று முடிவு கட்டினேன். மாமியார் மாத்திரை பற்றி எனக்கு ஒரு கணம்கூட நினைப்பு வரவில்லை. அது மருந்து. நான் சொன்னது போதை. கஞ்சா, அபின் அந்த வகையறா.

அடுத்த நாளே ஜில்லா கேரம் சங்கச் செயலாளர் அழகியமணவாளன் வீட்டுக்கு, ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதிக்குப் போனேன். ஓய்வுபெற்ற பாங்க் அதிகாரி. வெளிநாட்டில் எது நடந்தாலும் அது ஸ்ரீரங்கத்தில் நடக்கவில்லையே என்று கவலைப்படுகிற மனிதர். கியாசுதீன் பெயரைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பொதுவாக, ஃபைனலில் ஜெயிக்கிறவருக்குச் சிறுநீர்ச் சோதனை வைக்க வேண்டும் என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஜெயிக்கறவாளுக்குன்னா? ஃபைனல் ஆடப்போறது நீரும் அந்தப் பிள்ளையாண்டானும். அப்போ நீர் தோத்துடுவீர்னு தீர்மானமே பண்ணிட்டீரா?"

"அப்படி இல்ல சார். யாரு ஜெயிச்சாலும்."

"பேஷ். லண்டன்ல எங்காத்து மாப்பிள்ளை டாக்டரா இருக்கார். அங்கே பில்லியர்ட்ஸ் ஆடறவாளுக்கே டெஸ்ட் பண்றதாப் பேச்சாம். பெருமாள் கிருபையில அவர் இப்போ லீவுல வந்திருக்கார். நடத்திடுவோம். ஆனா சொன்னவர் நீர், கூட இருந்து சாட்சிக் கையெழுத்தும் நீர்தான் போடணும்."

ஊர் முழுக்க நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேரமை உலகத் தரத்துக்கு உயர்த்துகிறேன் என்று நினைப்பு.

ஃபைனல் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா மண்டபம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில். நோன்பு மாதம். கியாசுதீன் எச்சில்கூட விழுங்காமல் வந்திருந்தான். ஆட்டத்துக்கு முன் லண்டன் மாப்பிள்ளை எங்களைத் தனியாக உட்காரவைத்துச் சோதனையைப் பற்றி விளக்கினார்.

"கஞ்சா, சாராயம் எல்லாம் இந்த மாதிரி ஆட்டத்துக்குப் பிரயோஜனம் இல்லை. கை கோணலாத்தான் போகும். நாங்க தேடறது வேற. நெஞ்சுப் படபடப்புக்குக் குடுக்கற மாத்திரை. அது இருதயத் துடிப்பைக் குறைக்கும், கைநடுக்கத்தை நிறுத்தும். துப்பாக்கி சுடறவா, பில்லியர்ட்ஸ் ஆடறவா அதைத்தான் திருட்டுத்தனமாப் போட்டுக்கறா. பாதி மாத்திரை போட்டாலும் காட்டிக் குடுத்துடும்."

பாதி மாத்திரை என் சட்டைப் பையில் இருந்தது.

என் நிலைமையை உங்களுக்குச் சொல்கிறேன். மாத்திரை போட்டால் ஜெயிப்பேன், ஜெயித்தால் சோதனை, சோதனையில் மாட்டுவேன். வேலையும் போகும், மானமும் போகும். போடாவிட்டால் கை நடுங்கும், தோற்பேன், வேலை மட்டும் போகும். ஜெயிக்கிறவனுக்குத்தான் சோதனை என்று கேட்டு வாங்கியவன் நான். இந்தப் பொறியை எனக்கு வேறு யாரும் வைக்கவில்லை, நானே மரம் வெட்டி, நானே இழைத்து, நானே தேங்காய்ச் சில்லும் செருகி வைத்தேன்.

மாத்திரையைக் காவிரியில் எறிந்துவிடலாம் என்று படித்துறை வரை நடந்தேன். மே மாதத்துக் காவிரியில் மணல்தான் இருந்தது. அதில் ஒரு குழி தோண்டிப் புதைத்துவிட்டுத் திரும்பினேன். தர்ப்பணம் செய்ய வந்த ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவர் நினைத்ததில் தவறில்லை, நானும் ஒரு வகையில் கருமாதிதான் செய்துகொண்டிருந்தேன்.

முதல் கேமில் என்னைத் துடைத்துப் போட்டான் கியாசுதீன். இரண்டாவது கேமில் நோன்புக் களைப்பில் அவன் ஒன்றிரண்டு எளிய காய்களை விட, நான் எப்படியோ தப்பிப் பிழைத்தேன். மூன்றாவதில் கடைசி போர்டு. என் பக்கம் இரண்டு காய், நடுவில் சிவப்பு. சிவப்பைப் போட்டு, அடுத்ததாக என் காய் ஒன்றையும் போட்டுவிட்டால் ஆட்டம் ஏறக்குறைய என்னுடையது. சிவப்பைப் போட்டேன். மண்டபம் கை தட்டியது. அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. என் காய் பாக்கெட்டின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. என் சின்ன மகள் போடுவாள் அதை. ஸ்ட்ரைக்கரை வைத்தேன். விரல் ஆடியது. எடுத்தேன், துண்டில் துடைத்தேன், மறுபடி வைத்தேன். மணிக்கட்டு வரை ஆடியது. மாதாவே என்று சுண்டினேன். ஸ்ட்ரைக்கர் என் காயைத் தொடாமல், அதன் ஓரமாக மரியாதையாக ஒதுங்கிப் போய், தான் மட்டும் பாக்கெட்டில் விழுந்தது.

சிவப்பு மறுபடி நடுவுக்கு வந்தது. அபராதமாக என் காய் ஒன்றும் வந்தது. மிச்சத்தை கியாசுதீன் ஒரே மூச்சில் முடித்தான்.

பிறகுதான் என் சாட்சி வேலை ஆரம்பித்தது. விடிவதற்கு முன்பிருந்து தண்ணீர் குடிக்காதவனிடம் சிறுநீர் கேட்டால் எங்கே போவான்? நோன்பு மாதத்தில் மத்தியானம் சோதனை வைத்த எங்கள் யாருக்கும் அது உதிக்கவே இல்லை. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை பின்கட்டுக்குப் போய்விட்டு வெறுங்கையாக வந்தான். கூட்டம் கலைந்தது. அழகியமணவாளன் கோயிலுக்குப் போய்விட்டார். ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரு காலிப் பாட்டிலும் மட்டும் மிச்சம்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, என்னால உங்களுக்குக் காத்திருப்பு" என்றான். என்னை அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"அரையிறுதி அன்னைக்கு ஏதோ வாயில போட்டியேப்பா, என்ன அது?"

"கிராம்புண்ணே. அப்போ நோன்பு ஆரம்பிக்கல. கடைவாய்ப் பல்லு சொத்தை. நோன்பு முடிஞ்சதும் புடுங்கணும்."

பொழுது சாய்ந்ததும் அவனுடைய அக்கா ஆரிஃபா தூக்குவாளியில் நோன்புக் கஞ்சியோடு வந்தார். பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டு நோன்பு திறந்துவிட்டு, முதல் கிண்ணத்தை அவன் என்னிடம் நீட்டினான். "நீங்களும் ஒண்ணும் சாப்பிடலையேண்ணே." மாத்திரையைத் தவிர அன்று நான் எதையும் சாப்பிடாமல் விட்டதாக நினைவில்லை, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். இருந்தாலும் வாங்கிக் குடித்தேன். நன்றாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

ஒரு வழியாக பாட்டில் நிறைந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தும் நடுங்கியிருந்தது.

வீட்டில் "தோத்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். பாக்கியமேரி சோறு போட்டு, வழக்கத்தைவிட ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினாள். அது கேட்பதைவிட மோசம்.

செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்திருக்கிறது என்று தெரிந்து ஸ்ரீரங்கம் போனேன். அழகியமணவாளன் பெருமையாகச் சொன்னார். "சர்க்கரை இல்லை. உப்புச் சத்து இல்லை. பரிசுத்தம்!"

"அந்தப் படபடப்பு மாத்திரை சார்?"

"அதெல்லாம் நம்மூர் லேப்ல பார்க்க வராதாம். அதுக்கு சீமைக்கு அனுப்பணும். இதுவே போதும்னு விட்டுட்டேன். முதல் தடவைதானே!"

ஸ்ரீரங்கத்திலிருந்து எடமலைப்பட்டி புதூர் வரை பஸ்ஸில் என் பல் நறநறவென்று சத்தம் போட்டதைப் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டிருப்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தேன். நடந்த அத்தனையையும் கொட்டினேன். மணலில் புதைத்தது வரை சொன்னேன்.

"அந்த டெஸ்ட்டுல ஒண்ணுமே தெரியாதாம் மேரி! போட்டுட்டு ஆடியிருக்கலாம்! பாதி மாத்திரையைப் போட்டிருந்தா இன்னைக்கு நான் நிரந்தரம்!"

பாக்கியமேரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியார் ஜெபமாலையைக் கீழே வைத்தார்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. அது என் மாத்திரை இல்ல."

"என்னத்தை?"

"மொத தடவை மட்டும்தான் நெசமாவே என் மாத்திரையைக் குடுத்தேன். அன்னைக்கு நீங்க தூங்கி வழிஞ்சு, மொத ரவுண்டுலயே தோத்துட்டு வந்தீங்க. எனக்கும் மாசக் கடைசியில மாத்திரை பத்தாமப் போச்சு. அதுக்கப்புறம் குடுத்ததெல்லாம் பெரியாஸ்பத்திரியில எலும்புக்குக் குடுக்குற சுண்ணாம்பு மாத்திரை. ரெண்டும் வெள்ளைதான். மேரிக்குக்கூடச் சொல்லல. உங்களுக்கு அது நல்லாத்தான் வேலை செஞ்சுது, நான் எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அலமாரி மேல் ஆறு கோப்பைகளும் வரிசையாக நின்றன. அத்தனையையும் ஜெயித்தது என் கைதான். யாருடைய மருந்தும் இல்லை, எந்த உதவியும் இல்லை. வாழ்க்கையில் முதன்முதலாக என்னை எனக்குப் பிடித்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது. அதே நொடியில் இன்னொன்றும் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் காயைத் தவறவிட்டதும் அதே கைதான். அதற்கும் எந்த மருந்தும் காரணமில்லை.

"ஐயோ, அழாதீங்க மாப்ள" என்றார் மாமியார்.

"சந்தோஷத்துல அத்தை" என்றேன். பாதி உண்மை.