ஹார்ன் அடித்தவள்

"ஹார்ன் அடிச்சிருந்தா அந்த லாரிக்காரன் நின்னிருப்பான்."

பதினோரு நாளாக அந்த வீட்டில் இதே பேச்சுதான். சாப்பிடும்போது ஒருதரம், விளக்கணைக்கும் முன் ஒருதரம். கணவன் அதைக் கோபமாகக்கூடச் சொல்வதில்லை. பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டவன் போலச் சொல்வான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு பற்றிக்கொண்டு எரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். மகளைப் பள்ளியிலிருந்து காரில் அழைத்துவரும் வழியில், முன்னால் நின்ற லாரி திடீரென்று பின்னுக்கு வந்தது. அவள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, உள்ளங்கை வலிக்க வலிக்க ஹார்னை அழுத்தினாள். ஒரு முனகல்கூட வரவில்லை. மகள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு நசுங்கியது. பிள்ளையின் கை முறிந்தது.

அன்று மாலையே மெக்கானிக் வந்து ஹார்னை அழுத்தினான். வண்டி அலறியது. கணவன் அழுத்தினான். அலறியது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஸ்டியரிங்கத் திருப்பிக்கிட்டேதான் அழுத்தினேன்" என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

"பதட்டத்துல மறந்திருப்பே. யாருக்கும் வர்றதுதான்" என்று கணவன் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கதவை நிமிர்த்தி வண்டி வீட்டுக்கு வந்த பிறகும் சாவி அந்தப் பையை விட்டு வெளியே வரவில்லை.

இதையெல்லாம்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். நேற்று மாவுக்கட்டோடு படுத்திருந்த மகள் மெல்லக் கேட்டாள்: "அம்மா, நெஜமாவே அடிச்சியா?" அதைத்தான் தாங்க முடியவில்லை.

விடிந்ததும் போய்க் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

"எங்க போறே?"

"எங்கயும் போகல. ஹார்னப் பாக்கணும்."

"அதான் நல்லா அடிக்குதே."

"குடுங்க."

அந்தக் குரலை அவன் இதற்குமுன் கேட்டதில்லை. கொடுத்துவிட்டான்.

அவள் டேபிள் ஃபேன் கம்பெனியில் சோதனை மேசைக்காரி. ஒன்பது வருடமாக, அவள் முத்திரை குத்தாமல் ஒரு ஃபேன் வாசல் தாண்டியதில்லை. தொழிற்சாலையில் அவள் வாய்க்கு மேலாளரே பயப்படுவார். வீட்டில் மட்டும் அவள் சொல் செல்லாக்காசு.

பானெட்டைத் திறந்தாள். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து ஹார்னில் வைத்தாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. ஹார்னில் குறையில்லை. ஃப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். அதுவும் நல்லபடி இருந்தது. உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். சனியன், அதுவும் அடித்தது. மாடி ஜன்னலில் கணவனின் தலை தெரிந்து மறைந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மேசையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபேன் ஓடுகிறதே என்று முத்திரை குத்திவிட மாட்டாள். தலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்ப்பாள். நேராக நிற்கும்போது ஒழுங்காக ஓடும் ஃபேன், தலை திரும்பும்போது கழுத்து ஒயர் விட்டுப்போய்ப் படுத்துவிடும். இந்தப் புத்தி பதினோரு நாளாக எங்கே போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, பொத்தானை அழுத்தினாள்.

சத்தமே இல்லை.

நேராக்கினாள், அடித்தது. ஒடித்தாள், நின்றது. பத்துத் தடவை பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. அது அழுகை இல்லை, ஆத்திரம்.

டார்ச்சோடு பானெட்டுக்குள் குனிந்தாள். ஹார்ன் பொத்தானின் மின்சாரம் ஸ்டியரிங் தண்டு வழியாகத்தான் போகும். அந்தத் தண்டு இரண்டு துண்டாக வந்து நடுவில் ஒரு ரப்பர் வட்டில் சேரும். ரப்பரில் மின்சாரம் ஓடாது என்பதால், அதைத் தாண்டிப் போக ஒரு சின்ன ஒயர் உண்டு. அந்த ஒயர் அறுந்திருந்தது. அறுந்த முனைகளைக் கையால் முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைத் தாறுமாறாகச் சுற்றியிருந்தார்கள். தண்டு திரும்பினால் முறுக்கு பிரிந்து நின்றது.

அந்தச் சுற்று யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வீட்டு அயர்ன் பாக்ஸிலும் அதே சுற்றுதான். இரண்டு மாதம் முன்பு, "இதுக்கெல்லாமா மெக்கானிக்?" என்று ரப்பர் வட்டைத் தானே மாற்றி, ஒரு வாரம் அந்தப் பெருமையை அளந்தவன் அவள் கணவன்.

கூப்பிட்டாள். வந்தான். உட்காரவைத்து, ஒடித்து அழுத்தச் சொன்னாள். மூன்று தரம் அழுத்தினான். பிறகு திருதிருவென்று விழித்தான்.

"ஒயர் லூசா இருக்கும்போல" என்றான். "இரு, ரெண்டு நிமிஷத்துல முறுக்கிடறேன்."

"அதுமேல கை வச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். மேல போய் அவகிட்ட சொல்லுங்க."

"சின்னப் பொண்ணுகிட்ட போய் இதெல்லாம் என்னத்தச் சொல்றது? விடேன். நமக்குள்ள பேசிக்கலாம்."

"பதினோரு நாளா நமக்குள்ளயா பேசினீங்க?"

மகள் அதற்குள் மாவுக்கட்டைத் தாங்கிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள். நகர்ந்துகொண்ட அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, நல்ல கையால் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். வண்டி ஊமையாகவே நின்றது.

"அப்பா, அன்னிக்கு நீங்க அழுத்திப் பாத்தப்போ, ஒருதரம்கூட ஸ்டியரிங்க திருப்பலையா?"

அவன் டேப் சுற்றியிருந்த இடத்தைப் பார்த்தான்.

"அம்மாதான் திருப்பினேன் திருப்பினேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களே" என்றாள் மகள்.