ஒன்பதாம் நிரையின் கடைசி மரம்

கவிழ்ந்த மங்கின் முதுகில் மழை விழுந்து தெறிக்கிறது, இல்லை, இது மழை இல்லை, மருமகள் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள், கவுக்காத புள்ள என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், தூசி விழும் அத்தை என்கிறாள், விழட்டுமே, கவிழ்ந்த கிண்ணத்தைக் கண்டால் எனக்கு ஆகாது, ஒன்பதாம் நிரையின் கடைசி ரப்பர் மரம் சமையலறைக்குள் வந்து நின்றுவிடுகிறது, அதன் இடுப்பில் பால் வடியும் பீங்கான் மங்கு, சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிறான், போனவன் எவனும் திரும்பவில்லை, பட்டியலில் என் புருஷன் மாசிலான் பேர் இருக்கிறது, பாலுக்காக ரப்பர் மரப்பட்டை வெட்டும் பெண்கள் ஆறு பேர் கூடினோம், அனுப்ப மாட்டோம், அவ்வளவுதான் பேச்சு, விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிக் காட்டுப் பள்ளத்தில் மூன்று வாரம் குழி தோண்டினோம், மேலே மரக்கட்டை, மண், செடி, உள்ளே ஒன்பது ஆண்கள், பார்க்க ஒரே ஓட்டை, அதற்கு நேரே கடைசி மரம், மங்கு நிமிர்ந்திருந்தால் வெளியே வரலாம், கவிழ்ந்திருந்தால் ஆபத்து. கவுந்திருந்தா தல போனாலும் வரமாட்டோம், நீ பயப்படாத புள்ள என்றான் மாசிலான், சொன்ன சொல்லில் நிற்கிறவன், அதுதான் என் பயமே.

அன்று காலையில் வானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வருகிறது, மழை வந்தால் பாலில் தண்ணீர் சேராமல் மங்கைக் கவிழ்ப்பது எங்கள் கை தானாகச் செய்யும் வேலை, நிரை முழுக்கக் கவிழ்த்துக்கொண்டே போன என் கை கடைசி மரத்தையும் கவிழ்த்துவிட்டது, பால் கொட்டகையில் வாளியை இறக்கும்போதுதான் உறைத்தது, பாழாய்ப்போன கையே, ஓடுகிறேன், ஓடை கரை மீறிப் பள்ளத்துக்குள் பாய்கிறது, கழுத்து வரை தண்ணீர் வந்தாலும் அவன் அந்த மங்கையே பார்த்துக்கொண்டு நிற்பான், எட்டுப் பேரையும் நிறுத்தி வைப்பான். மங்கை நிமிர்த்தினேன், பின்னால் கங்காணியின் குடை, ஜப்பான்காரனுக்குப் பட்டியல் கொடுத்தவன், மழையில மங்க நிமித்துறியே, புத்தி பெரண்டு போச்சா என்று பிரம்பால் தட்டிக் கவிழ்த்தான், நான் நிமிர்த்தினேன், மறுபடி கவிழ்த்தான், மறுபடி நிமிர்த்தினேன், ஓட்டையில் அவன் குடை தெரிகிற வரை அவர்கள் வரமாட்டார்கள், குடை போனதும் மங்கு நிமிர்ந்திருக்க வேண்டும், அவனும் தோட்டத்திலேயே வளர்ந்தவன், மழையில் நிமிர்ந்த மங்கு பொய் சொல்கிறது என்று இன்னும் ஒரு நொடியில் பிடித்துவிடுவான், தாகமா இருக்குங்க என்றேன், தாகமா என்றான், ஆமாங்க, என் நெரை, என் மங்கு, குடிக்கிறேன், ரப்பர் பால் கலந்த மழைத் தண்ணீர், பால் நாற்றம் மூக்கில் ஏறியது, அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு நிமிர்த்தியே வைத்தேன், முதுகில் பிரம்பு விழுந்தது, அடிங்க என்றேன், நான்கு அடிக்குப் பிறகு கிறுக்கச்சி என்று துப்பிவிட்டு நடந்தான், நான் மரத்தை விட்டு நகரவில்லை.

குடை மறைந்து வெகு நேரம் கழித்துச் செடிகள் அசைந்தன, ஒரு தலை, இரண்டு, ஏழு, எட்டு, அதற்குப் பிறகு யாருமில்லை, மழை மட்டும் பெய்கிறது, பிறகு ஒன்பதாவதாக அவன், எல்லோரையும் ஏற்றிவிட்டு வந்தவன், உதடு நீலம் பாரித்திருக்கிறது, மொதல்ல கவுத்தப்ப எவன் வந்தான் புள்ள என்கிறான், எவனும் வரல, என் கைதான் என்று சொல்லி அவன் ஈர மார்பில் முட்டி அழுதேன், அவன் சிரித்தான்.

மருமகள் துணி காயப்போடப் போய்விட்டாள், கோப்பைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்துகிறேன், கடைசிக் கோப்பையில் குழாய்த் தண்ணீர் பிடிக்கிறேன், எத்தனை வருஷமானாலும் அதே பால் நாற்றம், முழுவதையும் குடித்துவிட்டு நிமிர்த்தியே வைக்கிறேன்.