சம்பந்தி கடை டயர்

சும்மா மாட்டிக் கொடுத்த ஒரு டயருக்குக் கிடாய்க்குட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் டயர் கடை வைத்திருக்கிற சம்பந்தி வாய்த்தால் அப்போது தெரியும்.

என் பெயர் சுப்பையன். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் காடு. மரவள்ளியும் நிலக்கடலையும் போடுகிறேன். ஒரே மகள் தனப்பிரியாவை நாமக்கல்லில் ராசப்பன் வீட்டில் கட்டிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ராசப்பனுக்கு இருசக்கர வண்டிகளுக்கு டயர் மாட்டும் கடை. கீழே கடை, மாடியில் வீடு. மாப்பிள்ளை சபரிநாதன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். பகலில் ஆள் அகப்பட மாட்டார். என் மகள் பி.காம். படித்தவள் என்பதால் மாமனார் கடையில் பில் போடுவது அவள் பொறுப்பு.

கல்யாணமான புதிதில் மாதத்துக்கு இரண்டு தடவையாவது வண்டியை எடுத்துக்கொண்டு நாமக்கல் போய்விடுவேன். பெரிய வேலை ஒன்றும் இருக்காது. அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் எனக்குக் காட்டில் கை ஓடும், அவ்வளவுதான். அப்படிப் போன ஒரு நாள், ராசப்பன் என் வண்டியின் பின் டயரைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க சம்மந்தி, டயரு மொட்டையாப் போச்சே. இதை வச்சுக்கிட்டு இத்தனை தூரம் வரப்படாதுங்க."

நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே புது டயரை எடுத்து மாட்டிவிட்டார். பணத்தை எடுத்தேன். மனுஷன் இரண்டடி பின்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பொண்ணு குடுத்தவங்க கிட்டக் காசு வாங்கறதாங்க? அப்பறம் நான் சனத்துக்குள்ள தலை காட்ட முடியுமா?"

இதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சம்பந்திகளுக்குள் காசு கை மாறக் கூடாது. மாறினால் அது உறவில்லை, வியாபாரம். ஆனால் வாங்கினதை வாங்கினபடி வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் கூடாது. டயர் விலை இரண்டாயிரத்துக்கு மேல், கூலி வேறு. எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு தூக்குப்போசி நிறைய நெய்யும் இரண்டு நாட்டுக்கோழியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரலாமா? அதில் அதிரசம் சுட்டு நிரப்பி அனுப்பினார்கள். நான் ஒரு மூட்டை நிலக்கடலை கொண்டுபோனேன். அவர்கள் ராமாயிக்கு, அதாவது என் வீட்டுக்காரிக்கு, ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆடிப் பதினெட்டுக்குக் கிடாய்க்குட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டேன்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா? அது குலசாமி கோயிலுக்கு நேந்து உட்ட குட்டி" என்று ராமாயி கத்தினாள். கோயிலுக்கு வேறு குட்டி பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

வந்தது வினை. கிடாய் கொடுத்த வீட்டுக்கு அடுத்த தடவை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போக முடியுமா? கிழங்கு விலையோ விழுந்து கிடந்தது. கையில் ஒன்றும் இல்லாமல் அந்த மாடிப்படியில் ஏறக் கூச்சமாக இருந்தது. இந்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளித் தள்ளி, தீபாவளிக்கு ஒரு தடவை போனதோடு சரி. நல்லவேளையாக மகள் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்துவிடுவாள். "எப்பங்கப்பா வாரீங்க?" என்று கேட்பாள். "வாரேன் சாமி, வேலை முடியட்டும்" என்பேன்.

தை மாதத்தில் முன் டயரும் மொட்டையாகிவிட்டது. மருந்தடிக்கும் மிஷினுக்குச் சாமான் வாங்க நாமக்கல் போனவன், நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேறொரு கடையில் வண்டியை விட்டேன். ராசப்பன் கடை அங்கிருந்து நடக்கிற தூரம்தான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, திருடன் மாதிரித்தான் உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரன் நவீன்குமார் சின்னப் பையன்தான், ஆனால் வாய் ஜாஸ்தி. டயருக்கு ஆயிரத்து எழுநூறு, மாட்டக் கூலி நூற்றைம்பது என்றான். எண்ணிக் கொடுத்தேன். அடேயப்பா, அந்த நேரத்தில் எனக்கு இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! கோழி இல்லை, நெய் இல்லை, யாருக்கும் பதில் மரியாதை செய்ய வேண்டியதில்லை. கூலி கொடுத்தோம், வேலை முடிந்தது.

"அண்ணா, வண்டிகிட்ட நில்லுங்க, ஒரு போட்டா எடுத்துக்கறேன். சிரிங்கண்ணா" என்றான்.

என்னை யார் போட்டோ எடுக்கிறார்கள்? ஹேண்டில்பாரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தேன். அறிவு கெட்ட முண்டம் என்று என்னை நானே திட்டிக்கொண்டது அப்புறம்தான். அந்தப் பயல் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். நாமக்கல்லில் டயர் தொழில் செய்கிறவர்கள் ஒருத்தர் நம்பரை ஒருத்தர் வைத்திருப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வரவில்லை. எட்டு மணிக்கு நானே அடித்தேன்; எடுக்கவில்லை. மறுநாள் மகள் ராமாயியின் போனுக்குக் கூப்பிட்டு அவளோடு மட்டும் பேசினாள். நான் கையை நீட்டுவதற்குள் வைத்துவிட்டாள்.

"போட்டா பாத்துப்போட்டாங்களாம்" என்றாள் ராமாயி. "உங்ககிட்டப் பேச மாட்டாளாம். அதுக்கு மேல அவ ஒண்ணும் சொல்லலீங்க."

எட்டு நாள். என் மகள் குரலைக் கேட்காமல் எட்டு நாள் நான் இருந்ததே இல்லை. மோட்டார் சுவிட்சைத் திட்டினேன், நாயைத் திட்டினேன், சோற்றில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்குப் பயம். சம்பந்தி கடையை விட்டு ஊரான் கடைக்குப் போய் அவர் மானத்தை வாங்கிவிட்டேன்; அதைச் சொல்லி அந்த வீட்டில் என் பிள்ளையைக் குத்திக் காட்டுகிறார்களோ, அவள் மாடியில் தனியாக உட்கார்ந்து அழுகிறாளோ என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் இரண்டு கோழி, ஒரு தூக்கு நெய், அரை மூட்டை நிலக்கடலை எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிடுவது என்று முடிவு.

ராசப்பன் கடை வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க வாங்க சம்மந்தி" என்றவர், சிரிக்காமலே, "போட்டா நெம்ப நல்லா இருந்துதுங்க" என்றார்.

என் முகம் செத்துப்போயிற்று. உள்ளே மேஜைக்குப் பின்னால் தனப்பிரியா உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கோழிகளைப் பார்த்தாள், குனிந்துகொண்டாள். இளைத்த மாதிரி தெரிந்தது எனக்கு.

"நல்லா இருக்கியா சாமி?"

"இருக்கறனுங்க."

ராசப்பன் அதற்குள் என் முன் சக்கரத்துக்கு எதிரில் குந்திவிட்டார். "அட இழவே! ஏனுங்க, இதைத் திருப்பி மாட்டியிருக்கறானுங்க" என்றார். டயர் பக்கவாட்டில் ஒரு அம்புக்குறி இருக்கிறது. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம் அது பார்க்க வேண்டுமாம். என்னுடையது பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. போட்டோ எடுக்கிற அவசரத்தில் நவீன்குமார் அதைக் கவனிக்கவில்லை.

"மழையில வழுக்கி உட்டுருமுங்க. இருங்க, அஞ்சு நிமிசம்" என்று சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

மறுபடியும் சும்மா! எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. மேஜைப் பக்கம் போய், அவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "கடை மாறிப் போனது என்னோட தப்புத்தான். சம்மந்தி மரியாதையைக் கெடுத்துப்போட்டேன். அதுக்காவ என்ற புள்ளையை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. எதுன்னாலும் என்னையச் சொல்லுங்க."

ராசப்பன் சக்கரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். "நாங்க என்னத்தைச் சொன்னோமுங்க?"

"அவங்க ஒரு வார்த்தை சொல்லலீங்கப்பா" என்று தனப்பிரியா எழுந்தாள். அவளுக்கு மூக்கு விடைத்துக்கொண்டது. கோபம் வந்தால் எனக்கும் அப்படித்தான். "டயரை எங்க வேணாலும் மாட்டிக்கோங்க. எனக்கு அதுல என்ன வந்துது? ஊருக்குள்ள வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருக்கறீங்க. இங்கிருந்து நடந்தாலே பத்து நிமிசம். என்னைய எட்டிப் பாக்காமப் போயிப்போட்டீங்களேப்பா! அதுல சிரிப்பு வேற!"

"வெறுங்கையோட எப்படி சாமி..." என்று இழுத்தேன்.

"ஆடியில வந்தீங்க, தீபாவளிக்கு வந்தீங்க. அவ்வளவுதான். கெடாய் குடுத்தீங்க, நெய் குடுத்தீங்க, யாரு கேட்டா? கோழி வந்தாப் போதுமா? அப்பனைக் காணோமேன்னு நான் ஒருத்தி இங்க பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறேன்." குரல் உடைந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராசப்பன் சோப்புத் தண்ணீர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "நானும் சொல்லிர்றனுங்க சம்மந்தி. நீங்க ஒருக்கா தூக்குப்போசியோட வந்தீங்கன்னா, எங்க ஊட்டுல மூணு நாளைக்கு அடுப்பை அணைக்க முடியாதுங்க. என்ற சம்சாரத்துக்கு அதிரசம் சுட்டுச் சுட்டு இடுப்பே போச்சு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. அவர் டயரைத் திருப்பி மாட்டி, காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். அப்புறம் அவள் பில் புத்தகத்தை எடுத்து எழுதி, தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள்.

"கழட்டி மாட்டுன கூலி நூத்தம்பதுங்க."

"ஐயோ அம்மிணி!" ராசப்பன் பதறிவிட்டார். "சம்மந்தி கிட்டயா! சனங்க காறித் துப்பும்!"

"நீங்க வாங்க வேண்டாமுங்க மாமா. நான் வாங்கறேன். எங்கப்பன் கிட்ட நான் வாங்கறதை யாரு கேக்கறது?" என்று என் பக்கம் கையை நீட்டினாள். "குடுங்கப்பா. கூலி குடுத்துட்டா யாருக்கும் பாக்கியில்லை. நாளைக்கே கையை வீசிக்கிட்டு வரலாம்."

கொடுத்தேன். ராசப்பன் எங்களைப் பார்க்காமல் காற்றடிக்கும் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கோழி, நெய், கடலை எதையும் அவள் இறக்க விடவில்லை. கோழியை அம்மாவைக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள் என்றாள். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, கட்டிக்கொண்டு போன அத்தனையும் கட்டினபடியே திரும்பினேன்.

வாசலில் வண்டியைப் பார்த்ததும் ராமாயிக்கு முகம் வெளிறிவிட்டது. "ஏனுங்க, கோழியை வேண்டாம்னுட்டாங்களா?"

"ஆமா. கோழி வேண்டாமாம். நான்தான் வேணுமாம்" என்று சொல்லிவிட்டு, அவள் பார்ப்பதற்குள் தொட்டியில் முகம் கழுவப் போய்விட்டேன்.

அடுத்த புதன்கிழமை பதினோரு மணிக்கு, சட்டைப் பையில் பத்து ரூபாயும் பெட்ரோலுக்குக் கொஞ்சமும் வைத்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு நாமக்கல் போனேன்.

"என்னங்கப்பா, வண்டிக்கு என்ன ஆச்சு?" என்றாள் தனப்பிரியா.

"காத்துப் புடிக்கோணும் சாமி."

வெண்ணந்தூரிலேயே மூன்று இடத்தில் காற்றுப் பிடிக்கிறார்கள். அவள் அங்கே பிறந்து வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாதா? ஒன்றும் கேட்காமல் பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு, எனக்குக் காபி போட மாடிக்குப் போனாள்.