டிக்கெட் வாங்காமல் வந்தவர்

மேளச் சத்தம் கேட்கிற பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று மாரிக்கண்ணு தன் மகள் முத்துராணியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கழுத்தில் தாலி ஏறுகிற வரைக்குமாவது. கல்யாணம் ஆவணியில். நடுவில் கோயில் கொடை வரும் ஆடி மாசத்தை மட்டும் தாண்டிவிட்டால் போதும் என்று முத்துராணியும் மனக்கோட்டை கட்டியிருந்தாள். ஆனால் ஆடி வரும்வரை பொறுக்காமல், ஆனித் தேரோட்டத்தை ஒட்டிப் போட்ட பொருட்காட்சியிலேயே வினை வந்து உட்கார்ந்திருந்தது.

முத்துராணிக்குச் சாமி வரும். ராதாபுரத்துக்குப் பக்கத்தில் அவள் ஊர். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் மகுடம் என்கிற பறை முழங்க ஆரம்பித்தால் முதலில் கொட்டாவி வரும். பிறகு உள்ளங்கால் குறுகுறுக்கும். அதற்கு மேல் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. ஊருக்குள் அது பெருமை, ஊர் எல்லையைத் தாண்டினால் அதற்குப் பெயரே வேறு. மூன்று வருடத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தவர்கள், யாரோ காதில் போட்டதும், “பேய் புடிச்ச புள்ளையவா எங்க தலையில கட்டப் பாத்திய?” என்று எழுந்து போனார்கள். வைத்த பஜ்ஜியில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அந்தத் தட்டு இன்னும் அவள் கண்ணிலேயே நின்றது.

இப்போது நிச்சயமாகியிருக்கும் மாப்பிள்ளை கணேஷ்ராம் வீட்டுக்கு இந்தச் சங்கதி தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க மாதாமாதம் கூட்டிவந்தவன், அம்மாவுக்கு ஒன்றும் இல்லாத மாதத்திலும் கூட்டிவந்தான். அப்படித்தான் விஷயம் முற்றியது. திருநீறு பூசாமல் காப்பி குடிக்காத வீடு அது. அவன் அம்மா சண்முகசுந்தரி தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சாதி வேறு, ஊர் வேறு என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது, “புள்ளைக்குக் கை மெத்துன்னு இருக்கு, குத்துனதே தெரியல” என்று ஒரே வாக்கியத்தில் சம்மதம் சொன்ன மனுஷி. அவரை ஏமாற்றுகிறோமே என்பதுதான் முத்துராணியை அரித்துக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பஜ்ஜித் தட்டு குறுக்கே வந்தது.

பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் தகரத்தாலும் கறுப்புத் துணியாலும் அடைத்த ‘திகில் மாளிகை’. அம்மாவையும் முத்துராணியையும் கூட்டிவந்த கணேஷ்ராம் கேட்காமல் கொள்ளாமல் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டான்.

“எம்மா, நீ பயந்துருவியா?”

“நாப்பது வருஷம் எட்டாங்கிளாஸக் கட்டி மேய்ச்சவ நான். என்னையப் பேயா பயங்காட்டப் போவுது?” என்றார் சண்முகசுந்தரி.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர் பெருமையாகச் சொன்னார். “நல்ல நாளாப் பாத்து வந்திருக்கிய. ஓநாய் ஊளையெல்லாம் இப்ப யாரு மதிக்கா? இன்னைக்குத்தான் நம்ம ஊருச் சத்தம் புதுசாப் போட்டிருக்கு.”

முத்துராணி ஓரடி பின்வாங்கினாள். “என்ன சத்தம் அண்ணாச்சி?”

“உள்ள போய்க் கேளு தாயி.”

ராட்டினத்தின் இரைச்சலில் எதுவும் பிடிபடவில்லை. தலைவலிக்கிறது, வெளியே நிற்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். “நீ இல்லாம இருட்டுல நான் எப்பிடிம்மா நடப்பேன்?” என்று சண்முகசுந்தரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வருங்கால மாமியார் பிடித்த கையை உதறுவதற்கு அவள் வீட்டில் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதல் வளைவில் கயிற்றில் ஆடிய எலும்புக்கூடு. இரண்டாவதில் ஈரத் தலைமுடி முகத்தில் உரசியது. சண்முகசுந்தரி “சீ” என்றார். கணேஷ்ராம் செல்லைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தபடி முன்னால் போனான். மூன்றாவது வளைவில்தான் அது கேட்டது.

மகுடம். அதுவும் சாமி வேட்டைக்குக் கிளம்பும்போது அடிக்கிற அடி. எங்கேயோ நடந்த கொடையை யாரோ செல்லில் பிடித்திருக்கிறார்கள். அதை அப்படியே இறக்கி, நாலு ஸ்பீக்கரில் விட்டிருக்கிறான் புண்ணியவான். குலவைச் சத்தம்கூட உள்ளே இருந்தது.

முத்துராணிக்குக் கொட்டாவி வந்தது.

பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். திரும்பிப் போக வழியில்லை, பின்னால் ஒரு குடும்பமே நெருக்கிக்கொண்டு வந்தது. ‘சாமி, இங்கன வேண்டாம். உன் காலப் புடிக்கேன், இவங்க முன்னால வேண்டாம்’ என்று மனசுக்குள் கெஞ்சினாள். செருப்புக்குள் உள்ளங்கால் குறுகுறுக்க ஆரம்பித்தது. இருட்டில் சண்முகசுந்தரியின் பிடி இறுகியது.

“என்னம்மா, கை இப்பிடி நடுங்குது?”

“பயமா இருக்கு அத்தை.” அதில் பொய்யே இல்லை.

கடைசி அறையில் சிவப்பு விளக்கு. சாம்பல் பூசிய உடம்போடு ஒருவன் சுடுகாட்டுக் காவல்காரனாக நின்றான். கையில் அட்டை அரிவாள். ஆட்களைப் பார்த்ததும் பாய்ந்து வந்து கத்த வேண்டியது அவன் வேலை. அவன் பாயவில்லை. கொட்டாவி விட்டான். ஒன்று, இன்னொன்று, மூன்றாவது.

முத்துராணிக்கு அந்தக் கொட்டாவி தெரியும். வேஷக்காரன் பயப்படுகிறவர்களின் முகத்தையல்லவா பார்ப்பான்? இவன் யாரையும் பார்க்கவில்லை. அவன் முழங்காலில் தொடங்கிய நடுக்கம் இடுப்புக்கு ஏறியது. அட்டை அரிவாளை வீசிவிட்டு, கூரையைத் தாங்கி நின்ற இரும்புக் குழாயைப் பிடித்து உலுக்கினான். தகரம் தடதடத்தது. குழாயில் சுற்றியிருந்த மின்கம்பி ஒன்று பிய்ந்து பொறி தட்டியது. பின்னால் வந்த குடும்பம் கைதட்டியது.

“சூப்பரா நடிக்கான்லா!” என்றான் கணேஷ்ராம், செல்லை இறக்காமல்.

வேஷக்காரன் குழாயை முக்கால்வாசி பிடுங்கிவிட்டான். இன்னும் இரண்டு உலுக்கு உலுக்கினால் கூரை இத்தனை பேர் தலையிலும் இறங்கும். இது நடிப்பில்லை என்பது அங்கே ஒருத்திக்கு மட்டுமே தெரியும். அவள் வாயைத் திறந்தால் கல்யாணம் போகும், திறக்காவிட்டால் உயிர் போகும்.

“அத்தை, ஒங்க பையில திருநீறு இருக்கா?”

“திருநீறா? எதுக்கு?”

“தாங்க அத்தை, சீக்கிரம்!”

குரல் அவளுடையதாகவே இல்லை. காலையில் நெல்லையப்பர் கோயிலில் வாங்கிய பொட்டலத்தைச் சண்முகசுந்தரி தடவி எடுத்துக் கொடுத்தார். முத்துராணி கையை விடுவித்துக்கொண்டு முன்னால் போனாள்.

“இவுகளுக்கு நெசமாவே சாமி வந்திருக்கு! ஸ்பீக்கர் வயரப் புடுங்குங்க!”

கணேஷ்ராம் ஒரு கணம் விழித்தான். பிறகு செல்லைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு ஸ்பீக்கரைத் தேடி ஓடினான்.

அவளுக்கும் இடுப்பு வரை ஏறிவிட்டது. உதட்டைக் கடித்தாள், உப்புக் கரித்தது. அந்த வலியை விடாமல் பிடித்துக்கொண்டு வேஷக்காரன் எதிரில் நின்றாள்.

“சாமி, யாரு வந்திருக்கது?”

“இது எந்த எல்லைட்டீ?” என்று அவன் உறுமினான். “அடி கேட்டு வந்தேன். எங்க என் படப்பு? எங்க என் பந்தம்?”

“இது கோயில் இல்ல சாமி, பொருட்காட்சி. வெவரங்கெட்டவங்க வெளையாட்டுக்கு அடிச்சுட்டாங்க. ஆடியில கொடை இருக்கு. சோறும் கறியுமாப் படப்புப் போட்டு முறையாக் கூப்பிடுதோம். இப்ப பைய மலையேறுங்க.”

சத்தம் பட்டென்று நின்றது. அவன் கை குழாயை விட்டது. நெற்றி நிறையத் திருநீற்றை அப்பினாள். அப்படியே அவள் காலடியில் சரிந்தான். யாரும் இப்போது கைதட்டவில்லை.

தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தான். இசக்கிராஜா என்று பெயர், பாபநாசத்துப் பக்கம். அவன் அப்பா கோமரத்தாடி, பரம்பரையாகச் சாமியாடுகிறவர். “அக்கா, யாரையும் அடிச்சிட்டனா?” என்று கேட்டுவிட்டு அழுதான்.

வெளியே வந்து ஒரு கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கணேஷ்ராம் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு டெல்லி அப்பளம் வாங்கிவந்து நடுவில் வைத்தான். ஒருவரும் தொடவில்லை. முத்துராணி அந்தத் தட்டையே பார்த்தாள். இதுவும் அந்தப் பஜ்ஜித் தட்டு மாதிரிதான் ஆகப்போகிறது.

“ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?” என்றார் சண்முகசுந்தரி.

“எனக்கும் வரும் அத்தை.”

சொல்லிவிட்டாள். ராட்டினம் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி நின்றது.

“இன்னைக்கு வந்துச்சா?”

“இடுப்பு வரைக்கும் வந்துச்சு. உதட்டக் கடிச்சு நிறுத்திட்டேன். ஒங்ககிட்ட மறைச்சது தப்பு அத்தை. ஆனா ஆடிக் கொடைக்கு நான் போவேன். வாக்குக் கொடுத்துட்டேன்.”

சண்முகசுந்தரி அவளுடைய வீங்கிய உதட்டைப் பார்த்தார். பிறகு அவள் உள்ளங்கையில் கசங்கியிருந்த பொட்டலத்தை எடுத்து, மிச்சத் திருநீறு சிந்தாமல் மடித்து, மகனிடம் நீட்டினார்.

“ஏல கணேசு, இத உன் பையில வச்சுக்க.”

“எனக்கு எதுக்கும்மா?”

“அவ எல்லாருக்கும் பூசிவிடுதா. அவளுக்கு வந்தா பூசிவிட ஆள் வேண்டாமா? நீதான கூட இருக்கப்போற?”

கணேஷ்ராம் முத்துராணியைப் பார்த்தான். அவன் முகத்தில் இன்னும் பயம் இருந்தது. செல்லைக் கால்சட்டைப் பைக்கு மாற்றிவிட்டு, பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

சண்முகசுந்தரி அப்பளத்தில் பெரிய துண்டாக ஒன்றை ஒடித்து அவள் கையில் வைத்தார்.

“தின்னு. நமத்துப் போயிரும்.”